கே.எல்.ஐ.ஏ.வில் பென்ஸ் எடுக்கும் முன்

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. தை மாதம் பினாங்கில் அவருடைய அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இங்கே வேலை செய்யும் மதுரைக்காரர். அவருடைய அப்பா, அம்மா, பாட்டி, சித்தப்பா ஆகிய நான்கு பேரும் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் முதல் முனையத்தில் வந்து இறங்குகிறார்கள். விமான நிலையத்திலேயே ஒரு பென்ஸ் இ கிளாஸோ பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸோ வாடகைக்கு எடுத்து அவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். கோலாலம்பூரை இரண்டு நாள் சுற்றிக் காட்டிவிட்டு பினாங்குக்கு ஓட்டிப் போய், கல்யாணம் முடிந்ததும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் காரை விட்டுவிட வேண்டும். மொத்தம் ஐந்து நாள். வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறாராம். சித்தப்பாவுக்கும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க ஆசையாம். எதை எடுப்பது, எங்கே ஏமாறாமல் இருப்பது என்று கேட்கிறார்.

நான் விமான நிலையத்தில் கார் வாடகை முகப்பில் பதினோரு வருடம் நின்றவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் யாருக்கும் ஆள் பிடிக்க வேண்டிய அவசியமும் எனக்கில்லை.

தம்பி, முதலில் ஆட்களை எண்ணுங்கள். சம்பந்தி வீட்டார் நான்கு பேர், ஓட்டுபவர் நீங்கள், ஆக ஐந்து பேர். இ கிளாஸ், 5 சீரிஸ் இரண்டுமே பின்சக்கர இழுவைக்குக் கட்டிய கார்கள். பின்னிருக்கையின் நடுவில் காலடியில் ஒரு மேடு உயர்ந்து நிற்கும். நடுவில் உட்காருபவர் அதன் இரு பக்கமும் காலை அகட்டி வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து பினாங்கு ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பீர்கள், பாட்டியையா, மாப்பிள்ளையின் அம்மாவையா? இரண்டு பேரில் யாரை வைத்தாலும் கல்யாணத்துக்கு முன்பே ஒரு மனக்கசப்பு.

அடுத்தது பெட்டிகள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சின்னப் பையோடு வரமாட்டார்கள். பட்டுப்புடவை, சீர் சாமான், முறுக்கு, அதிரசம் என்று ஆளுக்கு ஒரு பெரிய பெட்டியும் கையில் ஒரு பையுமாக வருவார்கள். சென்ற தலைமுறையின் சாதாரண 5 சீரிஸுக்குப் பூட் 530 லிட்டர். பெரிய பெட்டி இரண்டு, கொஞ்சம் சாமர்த்தியமாக அடுக்கினால் மூன்று போகும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் வரிச்சலுகை இருந்த காலத்தில், பெட்ரோலோடு சார்ஜ் போட்ட பேட்டரியிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் ஏராளமாக விற்றன. மாடல் எண்ணின் கடைசியில் 'இ' (e) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்த ரகம். பேட்டரி பின்பக்கம் உட்கார்ந்திருக்கும், பூட் சுருங்கிவிடும். அதே தலைமுறையின் 530இ மாடலுக்கு 410 லிட்டர்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்தான். ஒருமுறை இப்படி ஒரு குடும்பம் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் பெட்டிகளுக்கென்று தனியாக ஒரு டாக்சி பிடித்தார்கள். முன்னால் பென்ஸ், பின்னால் பெட்டி ஏற்றிய டாக்சி, ஊர்வலம் மாதிரி போனது.

அதனால் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்திலிருந்து பினாங்கு வரைக்கும் டொயோட்டாவின் பெரிய வேன்களான அல்ஃபார்டோ வெல்ஃபையரோ ஒன்றை எடுங்கள். பாட்டிக்கு ஏறி இறங்க சுலபம், நடு வரிசையில் தனித்தனி நாற்காலி, நம் ஊரில் அதற்கு இருக்கும் மரியாதையும் பென்ஸுக்குக் குறைந்ததல்ல. மூன்றாவது வரிசையின் ஒரு பக்கத்தை மடித்துப் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம். பென்ஸை கல்யாண நாளுக்கு மட்டும், டிரைவரோடு, பினாங்கிலேயே எடுங்கள். அன்று நீங்கள் பெண்ணின் தம்பி. பந்தியில் நிற்பீர்களா, கார் பார்க்கிங் தேடி அலைவீர்களா?

இதைச் சொன்னால் பாதிப் பேர் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். "இல்லை அண்ணே, முனையத்து வாசலில் பென்ஸ்தான் நிற்க வேண்டும்" என்றால் சரி, மேலே சொல்கிறேன்.

பதிவு செய்யும்போது திரையில் இ கிளாஸ் படம் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் 'அல்லது அதற்கு ஈடான கார்' என்று இருக்கும். நீங்கள் பதிவு செய்வது அந்த ஈடான வகையைத்தான். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் நான்கெழுத்துக் குறி ஒன்று உண்டு. முதல் எழுத்து தரம், இரண்டாவது உடலமைப்பு, மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் ஏர்கோனும். 'பி.டி.ஏ.ஆர்.' என்றால் பிரீமியம், நான்கு கதவு, ஆட்டோ கியர், ஏர்கோன் உண்டு. 'எல்.டி.ஏ.ஆர்.' என்றால் லக்சரி. 'எஃப்.டி.ஏ.ஆர்.' என்பது பெரிய கார், அவ்வளவுதான். அதைப் பதிவு செய்துவிட்டு முகப்பில் வந்து பென்ஸ் கேட்டுச் சண்டை போட்டவர்கள் உண்டு. நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாடல் உறுதியா, இல்லை வகை மட்டும் உறுதியா? உறுதி என்றால் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்து வரும் காலத்தில் சொகுசு கார் கிடைப்பதே பெரிய பாடு. 'ஈடானது' என்று டொயோட்டா கேம்ரியைத் தலையில் கட்டுவார்கள். கேம்ரி நல்ல கார்தான். ஆனால் நீங்கள் சம்பந்தியிடம் சொல்லி வைத்திருப்பது வேறு.

முகப்புகளில் ஹெர்ட்ஸ், ஏவிஸ் என்று உலகப் பெயர்கள் தொங்கும். அப்படிப்பட்ட பெயர்கள் பலவற்றை உள்ளூர் நிறுவனங்கள் உரிமம் வாங்கி நடத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். பெயர்ப் பலகையை நம்பி ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

இப்போது அந்தப் பாதி விலைக்காரர். இவர்தான் உங்கள் கேள்வியில் ஆபத்தான ஆள். தனியார் காரைச் சும்மா வாடகைக்கு விடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நல்ல காராகவே இருக்கலாம், ஆளும் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தனியார் காரின் இன்சூரன்ஸ் பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கு விட்டால் பாதுகாப்பு கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கும். எடுப்பவரே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் காருக்கு 'செவா பாண்டு' என்ற பெர்மிட் வேண்டும், பாலிசியும் அந்த உபயோகத்துக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். அவரிடம் இன்சூரன்ஸ் தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உபயோகம் என்ற வரியைப் பாருங்கள். முறையான ஆள் உடனே அனுப்புவார். "அதெல்லாம் பிரச்சனை இல்லை, யாராவது கேட்டால் சொந்தக்காரர் கார் என்று சொல்லுங்கள்" என்று பதில் வந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நான்கு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) காரை ஈப்போ பக்கம் எங்காவது இடித்துவிட்டு, இன்சூரன்ஸ் கைவிரித்தால் அந்தக் கடன் உங்கள் தலையில். சேமித்த பாதி வாடகை வக்கீல் வாசலுக்குப் போகும் பெட்ரோலுக்குக்கூடக் காணாது.

முறையான நிறுவனத்திலும் இன்சூரன்ஸ்தான் விஷயம், ஆனால் வேறு விதமாக. முழுக்காப்பு என்று சொல்வார்கள். அதில் 'எக்ஸஸ்' என்று ஒரு தொகை இருக்கும். சேதம் எவ்வளவு ஆனாலும் முதலில் அந்தத் தொகை வரை உங்கள் கையிலிருந்து, அதற்கு மேல்தான் அவர்கள். சின்னக் காருக்கு அது ஒரு தொகை, சொகுசு காருக்கு அதைப்போல் பல மடங்கு. நாள் வாடகையை ஐந்து கடையில் விசாரிக்கிறவர்கள் இந்த எண்ணை ஓர் இடத்திலும் கேட்பதில்லை. எக்ஸஸைக் குறைக்க நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள். சாதாரணக் காருக்கு அதை எடுக்காதீர்கள் என்றுகூடச் சொல்வேன். சொகுசு காருக்கு எடுங்கள். பம்பரில் ஒரு சின்னக் கீறல் என்றாலும் உள்ளே சென்சார், கேமரா என்று நீண்டுகொண்டே போகும்.

எடுத்த பிறகும் எது சேராது என்று கேளுங்கள். டயர், ரிம், கண்ணாடி, காரின் அடிப்பாகம் இவை பெரும்பாலும் வெளியே நிற்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது நடைபாதை ஓரத்தில் ரிம்மை உரசிக்கொண்டு வந்தவர்களை மாதம் ஒருவராவது பார்த்திருக்கிறேன். 18, 19 அங்குல ரிம், டயரோ மெல்லிசு. ஒரு குழியில் இறங்கினால் போதும். இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்பேர் டயரே கிடையாது, காற்றிறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் போட்டிருப்பார்கள். தைப்பிங் தாண்டி இரவு பத்து மணிக்கு அப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் இன்னொன்று. நம் நாட்டுச் சாதாரண முழுக்காப்புப் பாலிசியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை வரை மூழ்கிய கார்களின் சொந்தக்காரர்கள் பலருக்கு அது அப்போதுதான் தெரிந்தது. வாடகைக் காரில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் தாழ்ந்த செடானை அதில் இறக்காதீர்கள். இறக்கி எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தண்ணீர் உள்ளே போயிருந்தால் அந்த ஒரு தடவையில் எஞ்சின் போய்விடும்.

முன்பதிவு இணையத்தளங்கள் விற்கும் 'முழுப் பாதுகாப்பு' என்பது பெரும்பாலும் பிறகு திருப்பித் தரும் வகை. முகப்பில் அது செல்லாது. சேதம் ஆனால் நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு, ரசீதோடு அந்தத் தளத்திடம் கேட்டு வாங்க வேண்டும். அதை வைத்திருக்கிறேன் என்று முகப்பில் வாதாடிப் பிரயோசனமில்லை.

டெபாசிட்டுக்கு வருவோம். சொகுசு வகைக்குச் சில ஆயிரம் வெள்ளியைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். காசு போகாது, ஆனால் அந்த அளவுக்கு உங்கள் வரம்பு அடைபடும். கல்யாண வாரத்தில் அதே கார்டில் மண்டபத்துக்கும் பூக்காரருக்கும் கட்ட நினைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். விடுவிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். டெபாசிட் பிடிக்கும் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா கார்டைக் கொண்டுவந்து நின்ற எத்தனையோ பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாவம்தான், ஆனால் முகப்பில் நிற்பவனுக்கு வேறு வழி இல்லை. வாடகையை மட்டும் சம்பந்தியின் இந்தியக் கார்டில் கட்டப் போகிறீர்கள் என்றால், ரூபாயிலா வெள்ளியிலா என்று கருவி கேட்கும்போது வெள்ளி என்று அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் அடிபடும். வாடகைக்கு மேல் சேவை வரி 8 விழுக்காடு, விமான நிலையக் கூடுதல் கட்டணம், வேறு ஊரில் விடுவதற்கான கட்டணம் எல்லாம் சேரும். இறுதித் தொகையை மட்டும் கேளுங்கள். நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு சாதாரணக் காருக்குப் பெரும்பாலும் இருக்காது, சொகுசு காருக்கு இருக்கலாம். இருந்தால் பினாங்குப் பயணம் ஒரே நாளில் அதைத் தின்றுவிடும்.

உங்கள் வயதை நீங்கள் சொல்லவில்லை. புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தரும் பி லைசென்ஸ் என்றால் இந்தப் பதிவையே மூடிவிடலாம். முழு லைசென்ஸ் இருந்தாலும் சொகுசு வகைக்கு 25 வயதாவது கேட்கிற இடங்கள் உண்டு.

சித்தப்பா ஓட்டலாம். இந்தியாவிலும் இடப்பக்க ஓட்டம்தான், வலப்பக்க ஸ்டீரிங்தான், பழக்கத்தில் சிரமம் இருக்காது. ஆனால் அவர் மதுரையை விட்டுக் கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கிவிட வேண்டும், இங்கே வந்த பிறகு முடியாது. ஒரிஜினல் லைசென்ஸ், பெர்மிட், பாஸ்போர்ட் மூன்றோடும் முகப்புக்கு வந்து, இரண்டாவது ஓட்டுநராக ஒப்பந்தத்தில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறாமல் நெடுஞ்சாலை ஓய்விடமான ஆர்-என்-ஆரில் சாவியை மாற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் ஓட்டினாலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை. அவரிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: இங்கே ஹார்னைச் சும்மா சும்மா அடிப்பதில்லை.

காரை வாங்கும் நேரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். விமானம் மாலையில் இறங்கும். பாட்டிக்குக் கால் வலிக்கும், பிள்ளைக்குப் பசிக்கும், நிறுவனத்துப் பையன் ஒரு தாளை நீட்டுவான், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தத் தாளில் காரின் படம் இருக்கும், எங்கெங்கே கீறல் என்று குறித்திருக்கும். குறிக்காத கீறல் எல்லாம் உங்களுடையது. கழுவிய ஈரத்தோடு நிற்கும் காரில் கீறல் தெரியாது. கார் பார்க் வெளிச்சத்தில் கறுப்புக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். ஈரமாக இருந்தால் துணி கேட்டுத் துடையுங்கள், இல்லை வெளிச்சமான இடத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். கைப்பேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நான்கு ரிம்மையும், முன் பம்பரின் அடி விளிம்பையும், கதவு ஓரங்களையும் பாருங்கள். ஒரே வீடியோவாக நிறுத்தாமல் எடுங்கள், மீட்டரும் பெட்ரோல் முள்ளும் அதில் விழ வேண்டும். நானே ஒருமுறை சொந்த விடுமுறையில், தொழில்காரன் என்ற மிதப்பில், மழையில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். திருப்பிக் கொடுத்தபோது பின் கதவில் இருந்த பழைய கோட்டுக்கு எக்ஸஸில் கால்வாசி கட்டினேன். எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன். தப்பு என்னுடையது.

பாட்டியை முதலில் உள்ளே உட்கார வைத்து ஏர்கோனைப் போட்டுவிடுங்கள், பிறகு நிதானமாகப் பாருங்கள். பின்னிருக்கையிலும் பெல்ட் கட்டாயம், 2009 முதலே சட்டம். குழந்தை வருகிறதென்றால் குழந்தை இருக்கையையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அது 2020 ஜனவரி முதல் கட்டாயம்.

பெட்ரோல் மூடியின் உட்புறம் ஓர் ஒட்டி இருக்கும். காருக்கு 95 ரகப் பெட்ரோல் போதுமா, 97 வேண்டுமா என்று அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் 97 என்று இருந்தால் 97தான். பெட்ரோல் நிலையத்தில் மஞ்சள் கைப்பிடி 95, பச்சை 97, கறுப்பு டீசல். 2025 செப்டம்பர் 30 முதல் மானியம் உள்ள 95, மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டும் நம் குடிமக்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதனால் சித்தப்பா நான் போடுகிறேன் என்று பர்ஸை எடுத்தாலும் நீங்களே போடுங்கள்.

டோலில் ரொக்கம் வாங்குவதில்லை. காரில் காசு ஏற்றி வைக்கும் டச் அண்ட் கோ கார்டு இருக்கிறதா, டோலில் தானாகக் காசு கழிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டியிருக்கிறதா, அதில் ஓடும் காசு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கார்டைக் கையில் வைத்திருப்பது நிம்மதி. நெடுஞ்சாலையில் 110தான். பென்ஸில் 140 என்பது 90 மாதிரி இருக்கும், அதுதான் வம்பு. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் மலை இறக்கத்தில் அனுமதித்த வேகம் இன்னும் குறையும், லாரிகள் திணறும் இடம். அங்கே அவசரமே வேண்டாம். வேகத்துக்கு வரும் சம்மன், அதாவது அபராதச் சீட்டு, நிறுவனத்தின் பெயருக்குப் போகும். அன்று யார் ஓட்டியது என்று அவர்கள் சட்டப்படி சொல்லியாக வேண்டும், மேலே ஒரு நிர்வாகக் கட்டணத்தையும் உங்கள் கார்டில் எடுப்பார்கள். எங்காவது இடித்துக்கொண்டால் ஓரத்தில் நின்று பேசி முடித்துவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். அது இல்லாமல் எந்தக் காப்பும் அசையாது.

இதே காரைக் கல்யாணக் காடியாகவும் அலங்கரிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் அனுமதி உண்டா என்று பாருங்கள். இந்தக் கார்களின் முன் மூடி அலுமினியம், காந்தம் வைத்த பூங்கொத்து ஒட்டாது. அலங்காரக்காரர் உடனே டேப்பை எடுப்பார். வெயிலில் காய்ந்த டேப்பைப் பிய்க்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். ரிப்பனைக் கட்டுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் தாராளமாக வைக்கலாம், அதனால் ஒன்றும் ஆகாது. தேங்காயை மட்டும் பம்பருக்குப் பத்தடி தள்ளி உடையுங்கள், சில்லு பறந்து விழும் கீறல் எந்தத் தாளிலும் குறித்திருக்காது. வெளிர்நிறத் தோல் இருக்கையில் மஞ்சள் கறை பட்டால் சுத்தம் செய்ய ஒரு நாள் வாடகையைக் கேட்பார்கள். பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள். டுரியானை ஏற்றவே ஏற்றாதீர்கள், பாலிக் பூலாவில் யார் ஆசைப்பட்டாலும் சரி.

திருப்பி ஒப்படைக்கும் நாளில் தீவுக்கு வெளியே, பெருநிலத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் பத்து காவானில் இறங்கி இரண்டாம் பாலத்தைப் பிடியுங்கள். 24 கிலோமீட்டர், தீவில் பத்து மாவுங்கில் கொண்டு விடும். விமான நிலையம் பக்கத்திலேயே. ஜார்ஜ் டவுன் நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸில் பெட்ரோல் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஆள் இருக்கும் நேரத்தில் போங்கள். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறினால், பிறகு யார் உரசினாலும் அது உங்கள் கணக்கு. ஆள் முன்னால் சுற்றி வந்து, 'புதிய சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பின்னிருக்கை அடியில் ஒருமுறை கையை விட்டுத் துழாவுங்கள். கல்யாணக் குடும்பங்கள் விட்டுப்போன ஒற்றைக் கொலுசும் கம்மல் திருகாணியும் எங்கள் முகப்பு இழுப்பறையில் எப்போதும் கிடக்கும். அப்படியே கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்த உங்கள் டச் அண்ட் கோ கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மறக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.